தண்ணீர் குடிக்க வந்த சேவகர்கள்

புன்னைத்துறையில் அமலி நடத்திவந்த இன்டர்நெட் கடையின் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ரோமாபுரிச் சேவகர்கள் இறங்கி வந்தது தவக்காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில். வந்தவர்கள் ஊரைப் பிடிக்க வரவில்லை, கொள்ளையடிக்க வரவில்லை, வாசலோரம் இருந்த மண்பானையில் தண்ணீர் குடிக்க வந்தார்கள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். புன்னைத்துறைக்காரர்கள் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், அன்றைக்கு அந்தப் பானையை நிரப்பி நிரப்பி இடுப்பு ஒடிந்தவர்கள் அவர்கள்தானே.

அமலியின் அவசரம் ஊரறிந்த விஷயம். கஞ்சியை நின்றுகொண்டே குடிப்பாள், சேலைக் கொசுவத்தை நடந்துகொண்டே செருகுவாள், கோவிலில் மற்றவர்கள் ஜெபமாலையில் பாதி வழி போயிருக்கும்போது இவள் கடைசி மணியை முத்தமிட்டு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பாள். “ஏட்டி, உன்னைப் பெத்தவ பத்து மாசம் சுமந்தாளா, இல்ல பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாதியிலயே இறக்கிவிட்டுட்டாளா?” என்று அவள் புருஷன் மிக்கேல் கேட்பான். அவன் கடலுக்குப் போகிறவன், மீன் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள்: ஆதாரில் பேர் திருத்த வந்தவர்களையும் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வந்தவர்களையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு, எங்கேயோ படுத்துக் கிடக்கும் சர்வர் எழுந்திருக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. பைத்தியம் பிடிக்காமலிருக்க அவள் ஒரு போர் விளையாட்டு விளையாடினாள். செகண்ட்ஹேண்டில் வாங்கும்போதே அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த விளையாட்டு அது.

அதில் அவள் கையில் இருந்தது ரோமானியரின் கனத்த காலாட்படை. இரும்புச் சட்டை, ஆளை மறைக்கிற கேடயம், கையில் எறியீட்டி, இடுப்பில் குட்டை வாள். அந்தப் படையை நடத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது, தோளோடு தோளாக மேட்டில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும், எதிரி மூச்சு வாங்க மேலேறி வரட்டும் என்று விடவேண்டும், கிட்டத்தில் வந்தபிறகு ஈட்டியை வீசவேண்டும், முன்வரிசை களைத்தால் பின்வரிசையை முன்னுக்கு மாற்றவேண்டும், இரண்டு ஓரத்தையும் எதிலாவது முட்டுக்கொடுத்து வைக்கவேண்டும், ஓடுகிறவனைத் துரத்தவே கூடாது. இத்தனையும் அமலிக்குத் தெரியும், தோற்கிற ஒவ்வொரு முறையும் திரையே அதை எழுதிக் காட்டும். தெரிந்து என்ன செய்ய, விரல் கேட்கவேண்டுமே! எதிரியின் குதிரைக்காரன் போக்குக்காட்டிக்கொண்டு ஓடியதும் அவள் ஆட்காட்டி விரல் டக்கென்று மவுஸை அழுத்திவிடும், பாவம், அந்த இரும்புச் சுமையோடு அத்தனை பேரும் குதிரைக்குப் பின்னால் வரைபடம் முழுக்க ஓடுவார்கள். சர்வர் எழுந்திருப்பதற்குள் எல்லோரும் செத்திருப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் அவர்களை ஒரு மலையில் ஏற்றி மறுபக்கம் இறக்கி மறுபடி ஏற்றியபோது, தலைக்கவசத்தின் மேல் சேவல் கொண்டையைக் குறுக்கே வைத்த மாதிரிச் சிவப்பு மயிர் கட்டியிருந்த ஒருவர் நின்றார், திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார், புறங்கையால் வியர்வையைத் துடைத்தார், பிறகு வாய்க்காலைத் தாண்டுகிறவர் போலத் திரையின் விளிம்பைத் தாண்டி மேஜையில் கால்வைத்து இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர், இரும்புச் சட்டை சலசலக்க வரிசை குலையாமல் வந்துகொண்டே இருந்தார்கள். ரேஷன் கார்டு வேலையாக வந்து நெடுநேரமாக உட்கார்ந்திருந்த ஞானப்பூ, அமலியைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“எம்மா, வாறவங்க வரட்டும். ஆனா நாந்தான் முதல்ல வந்தேன், பாத்துக்க.”

அவர்கள் பானையைக் காலிசெய்தார்கள், பக்கத்து வீட்டுக் குடத்தைக் காலிசெய்தார்கள், தெருக்குழாயில் வரிசையில் நின்றார்கள். தெரு முழுக்க ஆளுக்கொரு செம்போடு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் யாருக்கோ உறைத்தது, இவர்கள் யார் என்று. அவ்வளவுதான், செம்புகள் அந்தரத்தில் நின்றன.

“ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச பயலுவளுக்கா நாம தண்ணி மோந்து ஊத்துதோம்?”

புன்னைத்துறையில் இது சின்ன விஷயம் இல்லை. ஆண்டுதோறும் பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரின் பாடுகளைத் தெருவிலேயே நாடகமாக நடத்துகிற ஊர் அது, பாஸ்கு நாடகம் என்பார்கள். அட்டைக் கவசம் மாட்டிய சேவகர்கள் சிலுவை சுமக்கிறவரை அடித்து இழுத்துக்கொண்டு வரும்போது தெருப் பெண்கள் சேவகர்கள்மேல் மண்ணை வாரித் தூற்றித் திட்டுவார்கள், திட்டுவதில் முதல் உரிமை ஞானப்பூவுக்கு, அவள் வாயைத் திறந்தால் கடல்காகம்கூட வழியை மாற்றிக்கொள்ளும். மிக்கேல் வருஷா வருஷம் சேவகர் தலைவனாக வேஷம் கட்டி அவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்வான். ஆனால் அதோடு விட்டுவிட மாட்டார்கள். ஈஸ்டர் அன்றைக்குப் பொதுப் பந்தியில் சேவகர் வேஷம் போட்டவர்களைத்தான் முதலில் உட்காரவைப்பார்கள், உண்டு முடித்ததும் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சேவகரைக் கைப்பிடித்துத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வார்கள், வாங்கிய சாபம் கழியவேண்டும் என்று.

பங்குச் சாமியார் வந்து தனக்குத் தெரிந்த கோவில் லத்தீனில் பேசிப்பார்த்தார். அவர்கள் பதிலுக்கு என்னவோ சொன்னார்கள். “பாதி புரியுது, பாதி புரியல. கருவாட்டு வாசனை எங்கேருந்து வருதுன்னு கேக்காவன்னு நினைக்கேன்” என்றார். பிறகு யோசித்துத் தீர்ப்பும் சொன்னார். “நம்ம வழக்கப்படியே செய்வோம். பெரிய வெள்ளி வரைக்கும் திட்டுங்க. ஈஸ்டருக்குச் சோறு போடுங்க.”

அப்படியே நடந்தது. வலைக்கூடத்தில் அவர்களைத் தங்கவைத்தார்கள், அங்கே காய்ந்துகொண்டிருந்த கருவாட்டை மோந்துபார்த்து, வீட்டு ஞாபகம் வந்தவர்களாக, அந்த முரட்டு ஆட்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். சாயங்காலம் தோறும் ஞானப்பூ வந்து கை நீட்டித் திட்டினாள். அதை ஏதோ ஜெபம் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, அவள் குரல் ஏற ஏற அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நின்றார்கள். “எம் புருசன் உயிரோட இருந்த காலத்துலகூட இப்படி மரியாதையா நின்னு கேட்டதில்ல” என்று சொல்லிக்கொண்டு அவள் மறுநாளுக்குப் புதுசாக யோசித்து வருவாள். துடைப்பக் குச்சியில் கொண்டை கட்டிய மிக்கேலின் அட்டைக் கவசத்தைக் கொண்டைக்காரர் (தெரு அவருக்கு வைத்த பேர் அது) வாங்கிப் பார்த்தார், சிரிக்கவில்லை, நெடுக்காக இருந்த கொண்டையைப் பிய்த்துக் குறுக்காக வைத்துத் திருப்பிக் கொடுத்தார். மிக்கேல் அன்றிலிருந்து அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டான்.

ஈஸ்டர் பந்தி முடிந்தது. வழக்கம் வழக்கம்தானே, வீட்டுக்கு ஒருவராகக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் ஊர் தப்புசெய்தது.

தனியாகப் போன சேவகர்கள் வேலைக்கு அஞ்சவில்லை, கேஸ் சிலிண்டரை ஒற்றைக் கையில் தூக்கினார்கள், ஐஸ் பெட்டி சுமந்தார்கள், படகு தள்ளினார்கள். ஆனால் ஆள் என்னவோ வாடிப்போனார்கள். தெருவில் நடந்தால் ஒவ்வொருவரும் வலப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள், சுவரில் தோள் உரசும்வரை சாய்ந்தார்கள். வரிசையில் நிற்கும்போது வலப்பக்கத்துத் தோழனின் கேடயம்தான் இவர்களுடைய பாதி உடம்பை மறைக்கும், அந்தத் தோழனைத் தேடித்தான் அந்தச் சாய்வு. அமலிக்கு அது புரிந்தது. நின்று யோசிக்கத்தான் அவளுக்கு நேரமில்லை.

தெருவைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். முன்வாசலில் கடல், பின்வாசலில் ஆறு, நடுவில் ஒற்றைத் தெரு. ஆற்றுக்கும் தெருவுக்கும் இடையே கோவில் மதிலில் தொடங்கி ஐஸ் கம்பெனிச் சுவரில் முடிகிற ஒரு மண்கரை. போன மழைக்கு அது உடைந்து வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது, பார்க்க வந்த அதிகாரிகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள், இன்னொரு தடவை உடைந்தால் தெருவையே காலிசெய்து உள்நாட்டில் அடுக்குமாடிக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று. “அங்க மொட்டைமாடியில நின்னு நான் எதைப் பாக்கட்டி? தண்ணித் தொட்டியவா?” என்று மிக்கேல் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் அன்றிலிருந்து அவன் தூக்கத்தில் பேச ஆரம்பித்திருந்தான். கடலைப் பிரித்தால் அவன் இருக்கமாட்டான், அது அமலிக்குத் தெரியும். எதற்கும் பயப்படாதவள் அதற்குப் பயந்தாள்.

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது. மேலே அணையையும் திறந்துவிட்டார்கள். விடிந்து பூசை மணி அடிக்கும்போது ஆறு கரையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது, ஆற்றுமுகத்தில் மணல்திட்டு அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் தெருவைத் தேடி வந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சேவகரைத் தங்கள் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுச் சேவகர் எங்கள் வீட்டுக்கு! அமலி ஐஸ் கம்பெனியின் சரக்கு மேடையில் ஏறி நின்றாள். கொண்டைக்காரர் கீழே நின்று, பழக்கம் விடாமல், அவள் ஆட்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அமலி, இங்க ஊறுது!” என்று ஒரு குரல். விரல் நீண்டது. கொண்டைக்காரர் கழுத்தில் தொங்கிய விசிலை ஊத, வீடு கிடைக்காமல் மிஞ்சியிருந்த சேவகர்கள் நாலைந்து பேர் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார்கள். “ஐயோ, இங்க பிளந்துட்டு!” விரல் அந்தப் பக்கம் நீண்டது, அவர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். அங்கே மண்ணை அடைப்பதற்குள் இங்கே பிய்த்துக்கொண்டது. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் விரல் நீண்டது, நீண்ட விரலுக்கெல்லாம் அந்த இரும்புச் சட்டைக்காரர்கள் ஓடினார்கள், ஓடி ஓடி வாய் பிளந்து, நாக்கு வறண்டு நின்றார்கள். கொட்டுகிற மழையில் கொண்டைக்காரர் நிமிர்ந்து புறங்கையால் முகத்தைத் துடைத்தார். திரைக்குள்ளிருந்து அன்றைக்கு அவர் பார்த்த அதே பார்வை.

“அட பாவி,” என்று அமலி சத்தமாகவே சொன்னாள், “நான் இவங்களை மறுபடியும் ஓடவிடுதேனே!”

நீண்டிருந்த விரலை இன்னொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அவள் மேடையை விட்டு இறங்கினாள்.

“இஞ்சேருங்க,” என்றாள் மிக்கேலிடம், “இவங்க ஓடப் பொறந்தவங்க இல்ல, நிக்கப் பொறந்தவங்க. ஓடுறதுக்கு நாம இருக்கோம். கோவில் மதில்ல ஒரு ஓரம், ஐஸ் கம்பெனிச் சுவத்துல ஒரு ஓரம், நடுவுல எல்லாரும் ஒரே வரிசையா நிக்கணும். பின்னால மண்மூட்டை நாம அடுக்கணும். எல்லா வீட்டுலயும் சேவகரை விடச் சொல்லுங்க.”

ஒரு வீடும் விடவில்லை. எப்படி விடுவார்கள்? பின்வாசலில் தண்ணீர் நிற்கிறது, கையில் இருப்பது ஒரே ஒரு ஆள். எல்லோரும் ஞானப்பூவின் வீட்டைப் பார்த்தார்கள். தெருவிலேயே பள்ளமான வீடு அவளுடையது, அடுப்படியில் தண்ணீர் ஏறிப் பாத்திரங்கள் மிதந்துகொண்டிருந்தன. அவள் விட்டால் மற்றவர்கள் விடுவார்கள்.

ஞானப்பூ தன் சேவகரின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். “இவரையும் அனுப்பிட்டு நான் யாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், சொல்லு!”

சீக்கிரம் அக்கா, சீக்கிரம் என்கிற வார்த்தை அமலியின் தொண்டைவரை வந்துவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள், பேசாமல் ஞானப்பூவின் பக்கத்தில் போய் நின்றாள்.

இரண்டு பேரும் அந்தச் சேவகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேடயத்தை ஊன்றி நின்றார், தண்ணீர் மோதியது, வலப்பக்கம் சாய்ந்தார், அங்கே யாரும் இல்லை, முழங்கால் மடங்கி விழுந்தார். எழுந்து நின்றார். மறுபடி வலப்பக்கம் சாய்ந்தார், மறுபடி விழுந்தார்.

ஞானப்பூவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “எய்யா, தனியா நிக்க உன்னால முடியாதுல்லா,” என்று இடுப்பு வாரை விட்டாள். “எனக்குந்தான் முடியல. போய்யா, உன் ஆளுவளோட போயி நில்லு.”

அதற்குப் பிறகு எந்த வீடும் மறுபேச்சுப் பேசவில்லை. கொண்டைக்காரர் விசில் ஊதினார். பிரிந்து கிடந்த சேவகர்கள் ஒவ்வொரு பின்வாசலிலிருந்தும் கரைக்கு ஏறி, வலத்தோளுக்கு ஒரு தோள் கிடைத்ததும் அப்பாடா என்று மூச்சுவிட்டதைத் தெருவே கேட்டது. கேடயத்தின் விளிம்போடு கேடயம் ஏறி ஒட்டியது. கேடயத்துக்கு இந்தப் பக்கம் தோளைக் கொடுத்துச் சாய்ந்து நின்றார்கள். ஆறு வந்து மோதியது, நின்றார்கள். மரக்கிளையும் செத்த ஆடும் வந்து மோதின, நின்றார்கள். விசில் கேட்டதும் முன்னால் நின்றவர்கள் பக்கவாட்டில் நழுவிப் பின்னால் வர, பின்னால் நின்றவர்கள் முன்னேறி அதே இடத்தில் தோள்கொடுத்தார்கள், பின்னால் வந்தவர்களின் வாயில் தெருப் பெண்கள் தண்ணீர் ஊற்றினார்கள், மறுபடி விசில், மறுபடி மாற்றம், கடிகாரம் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐஸ் கம்பெனி ஓரத்தில் ஆள் பற்றாமல் ஓர் இடைவெளி விழுந்தபோது மிக்கேலும் அவனோடு வேஷம் கட்டுகிறவர்களும் ஃபைபர் படகின் நீலப் பலகைகளைக் கழற்றிக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கைலியை மடித்துக் கட்டி அங்கே போய் நின்றார்கள். கொண்டைக்காரர் வந்து மிக்கேலின் தோளைத் தட்டி, இன்னும் நெருங்கி நில் என்று கையால் காட்டினார். மற்ற ஊரே மண்மூட்டையோடு ஓடியது, சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

மத்தியானத்துக்குமேல் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. “இறங்கிட்டு, இறங்கிட்டு! எல்லாரும் போயி மணல்திட்டை வெட்டிவிடுவோம், வாங்கல!” என்று கத்தல் எழுந்தது, வரிசை லேசாகக் கலையப் பார்த்தது. கொண்டைக்காரர் அமலியைத் திரும்பிப் பார்த்தார். போக்குக்காட்டி ஓடுகிற குதிரைக்காரன் அவள் கண்முன்னே வந்து போனான். விரல் துடித்தது. அவள் அதை இறுக்கிப் பிடித்தாள்.

“ஒருத்தரும் அசையக் கூடாது. ஓடுறவனைத் துரத்தாதீங்க. அவன் திரும்பி வருவான்.”

திரும்பித்தான் வந்தது, முதலில் வந்ததைவிடப் பெரிதாக வந்தது, கரைக்கு மேலே எழும்பிக் கேடயங்களின் தலையில் அடித்தது, அந்த நேரம் வரிசை அங்கே இல்லாதிருந்தால் தெரு என்று ஒன்று இருந்திருக்காது. நின்றார்கள். தெருவைத் தள்ளித் தள்ளி முடியாத ஆறு, பொழுது சாய்வதற்குள் வேறு வழியில்லாமல் மணல்திட்டைத் தானே பிளந்துகொண்டு கடலில் போய் விழுந்தது.

ஈஸ்டர் இல்லாவிட்டாலும் கரைமேலேயே பந்தி போட்டார்கள், சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும். சேவகர்களை முதலில் உட்காரச் சொன்னபோது கொண்டைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, அமலியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முதல் இலையில் உட்காரவைத்தார். அவள் வாழ்நாளிலேயே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்ட முதல் சோறு அது, மிக்கேல் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதிகாரிகள் வந்தார்கள், கரையை மிதித்துப் பார்த்தார்கள், அடுக்குமாடிப் பேச்சை எடுக்காமல் கரைக்குக் கல் அடுக்கித் தருகிறோம் என்று சொல்லிப்போனார்கள், கல்லும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் சேவகர்கள் கடை வாசலில் வரிசையாக வந்து நின்று, ஆளுக்கொரு செம்பு தண்ணீர் குடித்து, மேஜையில் ஏறித் திரைக்குள் போனார்கள். “பாத்துப் போங்கய்யா, காலு தட்டிரப் போவுது” என்று ஞானப்பூ ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அதற்குப் பிறகும் சர்வர் படுக்கும்போதெல்லாம் அமலி விளையாடுகிறாள். மேட்டில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறாள். ஜெயிக்கிறாள். இரும்புச் சட்டைக்காரர்களின் வரிசையில் ஒரு ஓரத்தில், கைலியை மடித்துக் கட்டி நீலப் பலகை பிடித்த சிலர் நிற்கிறார்கள், அவர்களை யாரும் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பதில்லை.

அடுத்த பெரிய வெள்ளியன்று அதே தெருவில் பாஸ்கு நாடகம் நடந்தது. வெயில் அதே வெயில். கொண்டையைக் குறுக்கே வைத்த கவசத்தோடு மிக்கேல் முன்னால் வர, அட்டைச் சேவகர்கள் சிலுவை சுமந்தவனை இழுத்துக்கொண்டு ஞானப்பூவின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். மண் வந்து விழப்போகிறது என்று மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டான். தெருவே ஞானப்பூவின் வாயைப் பார்த்தது. அவள் கையில் மண் இல்லை, செம்பு இருந்தது.

“வெயில்ல வாறிய,” என்றாள். “தண்ணி குடிச்சியளா?”

மிக்கேல் கண்ணைத் திறந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் சாமியாரைப் பார்த்தான், சாமியார் வேறு பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமலி கடைக்குள் போய் மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சேவகர்கள் வரிசையில் நின்று குடித்தார்கள், நாடகம் நடுத்தெருவில் நின்றுபோயிற்று, சிலுவையைத் தோளில் வைத்திருந்தவன் தலையை நீட்டி, “எனக்கும் ஒரு வாய்” என்றான்.

“எல்லாருக்கும் இருக்கு,” என்றாள் அமலி, அவன் வாயில் செம்பைச் சரித்துக்கொண்டே. “மெதுவாக் குடிங்க. ஒரு அவசரமும் இல்ல.”